பழக்கியவரும் பழகியவரும்

‘பழகு’ என்பது தன்வினை. ‘பழக்கு’ என்பது பிறவினை. காளையைப் பழக்கினான் என்னும்போது, காளை மாறியது, அவன் மாறவில்லை என்பதுபோல் ஓர் எண்ணம் தோன்றும். ஆனால் காளையோடு பழகாமல் காளையைப் பழக்கியவர் எவருமில்லை. சொல்லை எடைபோடும் கவிஞர்கள் கூடிய அவையில், இந்த இரு வினைகளிலிருந்தே பேச்சைத் தொடங்குவது பொருந்தும்.

காட்டு நெல் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும். அது அதன் பிழைப்பு. உதிராத மணி மண்ணைச் சேராது. ஆயின் கதிர் கொய்ய வந்த மனிதனுக்கு மிகுதியும் கிடைத்தவை உதிராமல் நின்ற மணிகளே. அடுத்த பருவத்துக்கு விதையானவையும் அவையே. அவன் அறிந்து தேர்ந்தான் என்று சொல்வதற்கில்லை. சீனத்து யாங்சி ஆற்றின் கீழ்ப்படுகையில், தியான்லுவோஷான் அகழாய்வில், ஏறத்தாழ 6900 ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்ணடுக்கில் உதிராத வகை 27 விழுக்காடு. 300 ஆண்டுகள் பிந்திய அடுக்கில் 39 விழுக்காடு. பன்னிரண்டு தலைமுறை உழைப்புக்குப் பன்னிரண்டு விழுக்காடு! எந்த உழவனும் தன் வாழ்நாளில் இம்மாற்றத்தைக் கண்டிருக்க மாட்டான். இன்றைய வயல் நெல்லை மனிதனே அடித்து உதிர்க்க வேண்டியிருக்கிறது. அதை நம்பியவனும் வயலைவிட்டு நகர முடியாதவனானான்.

மாற்றம் உடலுக்குள்ளும் புகுந்தது. பால்குடி மறந்தபின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவதே பாலூட்டிகளின் பொது இயல்பு. கால்நடை வளர்த்த சில மக்களிடம் மட்டும் அது பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. ஐரோப்பியரிடமும் இந்தியர் பலரிடமும் இதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றே. ஓர் எழுத்து மாறியது போன்ற சிறு மாற்றம். தொழுவத்தில் கட்டப்பட்ட மாடு, கட்டியவனின் உடலில் அவ்வெழுத்தைத் திருத்திவிட்டது.

இவையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்தவை. இதை ஒரு வாழ்நாளுக்குள் காண முடியுமா என்று கேட்டவர், உருசிய நாட்டு அறிஞர் திமீத்ரி பெலாயெவ். அவருடைய தமையனும் மரபியல் அறிஞர். ஸ்டாலின் ஆட்சியில் 1937இல் கொல்லப்பட்டார். மரபியலைச் சொல்வதே ஆபத்தாயிருந்த காலத்தின் நிழல் முற்றும் விலகுமுன், 1959இல், நோவொசிபிர்ஸ்க் நகரின் ஆய்வு நிலையத்தினர் வெள்ளி நரிகளைக் கொண்டு பணி தொடங்கினர். விதி ஒன்றுதான்: கூண்டருகே வரும் மனிதனைக் கண்டு கடிக்காததும் அஞ்சாததுமான நரிக்கே இனம்பெருக்க உரிமை. பயிற்சி எதுவும் கிடையாது. நான்காம் தலைமுறையில் குட்டிகள் சில வாலை ஆட்டின. பிறகு கையை நக்கின, பிரிந்தால் முனகின. சிலவற்றுக்குக் காது தொங்கியது, நெற்றியில் வெண்புள்ளி தோன்றியது. அந்நரிகளின் முன்னோர் கனடாவின் பண்ணைகளில் முன்பே பல தலைமுறை வளர்ந்தவை என்றும், வெண்புள்ளி போன்றவை முழுதும் புதியவை அல்ல என்றும் 2019இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். அத்திருத்தம் ஏற்கத்தக்கதே. ஆயினும் கடித்த கையை நக்கும் நரியின் குணமாற்றம் அதனால் பொய்யாகிவிடவில்லை.

பணியை நாள்தோறும் நடத்திய லுத்மிலா திரூத் அம்மையார், 1974இல் புஷிங்கா என்னும் பெண் நரியோடு ஒரே வீட்டில் குடியேறினார். நரியைப் பழக்க வந்தவர் நரியின் வீட்டுக்காரராகிவிட்டார். அதே ஆண்டில் ஓர் இரவு, இருளில் வந்த அயலானை நோக்கி அந்நரி காவல் நாய்போல் குரைத்தது.

1985இல் பெலாயெவ் மறைந்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தது; நிதி வற்றியது. எழுநூறாயிருந்த கூட்டம் அப்பத்தாண்டின் இறுதிக்குள் நூறளவாயிற்று. மனிதரை விரும்பப் பிறந்த நரிகளைக் காட்டில் விடவும் வழியில்லை. எஞ்சியவற்றுக்குத் தீனி வாங்க, கழிக்கப்பட்டவற்றின் தோல் விற்கப்பட்டது. எதைக் கழிப்பது என்று ஒவ்வொரு கூண்டாக நின்று தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள், அந்நரிகள் குட்டிகளாயிருந்தபோது பெயரிட்டு வளர்த்தவர்களே.