கருவி மாட்டியும் தீராத களைப்பு

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



குறட்டை ஆண்களின் தொல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மதிய வகுப்பில் நாற்காலியிலேயே கண் அசந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தட்டி எழுப்பிய பிறகே மருத்துவரிடம் போனேன். தூக்கத்தில் மூச்சு மணிக்கு 32 முறை தடைப்படுவது தெரியவந்தது. 30ஐத் தாண்டினால் கடுமையானது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவியைப் பரிந்துரைத்தார்கள். குறட்டை நின்றது, வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

என் களைப்பு மட்டும் போகவில்லை. ஆறு மாதம் பொறுத்தேன். “காசுக்குக் கேடு, தூக்கிப் போடுங்கள்” என்றார்கள் உறவினர்கள். வயதாகிறது என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மருத்துவர் முதலில் கருவியின் பதிவைப் பார்த்தார். மூச்சுத்தடை மணிக்கு 3ஆகக் குறைந்திருந்தது; 5க்குக் கீழ் என்றால் நல்லது. முகமூடியில் கசிவு இல்லை. இரவு முழுக்க மாட்டியிருக்கிறேன். (நாலு மணி நேரத்தில் கழற்றி வைத்துவிட்டுக் கருவியைக் குறை சொல்வோரும் உண்டு.) பிறகு கேட்டார்: “உங்களுக்குத் தூக்கம் வருகிறதா, சோர்வாக இருக்கிறதா?”

இரண்டும் ஒன்றென்றே இருந்தேன். யோசித்துப் பார்த்தால், இப்போது வகுப்பில் கண் சொக்குவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது; கரும்பலகையில் நாலு வரி எழுதுவதற்குள் கை தளர்கிறது. “அப்படியானால் வேறு இடத்தில் தேடுவோம்” என்றார். கண்ணாடி போட்ட பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டத் தடுமாறினால் கண்ணாடியையா கழற்றிவிடுகிறோம்?

ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது. மாதவிலக்கில் அதிகம் போவதை ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. சர்க்கரைக்கு எட்டு ஆண்டாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். நாளடைவில் அது பி12 சத்தைக் குறைக்கக்கூடும்; எனக்கும் குறைந்திருந்தது. சுண்ணக்கட்டித் தூசியால் வரும் தும்மலுக்கு நானாகவே கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையும் மறுநாள் வரை ஆளை மந்தமாக்கும் வகை. தைராய்டு சரியாக இருந்தது. மனச்சோர்வு உண்டா என்றும் விசாரித்தார். அந்தக் கேள்விக்கு நம்மில் பலர் கோபப்படுவோம். தேவையில்லை, அதுவும் களைப்பாகவே வெளிப்படலாம்.

கட்டிக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். மாற்றிக்கொண்டேன். நான்கு மாதத்தில் 11.4 ஆனது. கருவியை இன்றும் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன்.

நீங்கள் மருத்துவரிடம் போகும்போது, கடையில் கேட்டு வாங்கியவை உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள்.