யாருக்குப் புரியணும்?

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலித் கவிதை புரிந்துவிட்டால் 'வெறும் கோஷம்' என்கிறார்கள். புரியாவிட்டால் 'கொச்சை' என்கிறார்கள். நமக்கு அளக்கிற படியே வேற.

1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையின் கவிஞன் பெரும்பாலும் தன் மனசுக்குள் இறங்கிப் போனவன். 1971இல் வந்த 'வானம்பாடி'யின் கவிஞன் மேடையேறி விடியலை அறிவித்தவன். உள்ளே இறங்கினாலும் மேலே ஏறினாலும் சேரிக்குள்ள மட்டும் அவங்க வரலை.

மராத்தியில் நாம்தேவ் தசாள் வந்தார். மகர் சாதியில் பிறந்தவர். மும்பையில் டாக்சி ஓட்டியவர். 1972இல் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். (பிற்காலத்தில் அவர் சிவசேனாவோடு கைகோத்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை.) பாலியல் தொழில் நடக்கிற கோல்பிட்டாத் தெருவின் பேரையே தன் முதல் தொகுப்புக்கு வைத்தார். முன்னுரை எழுதியவர் பெரிய நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். அவருக்கே பல சொற்கள் விளங்கவில்லை. தசாளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படித்த மராத்திக்காரருக்கு அகராதியிலும் அகப்படாத அந்தச் சொற்கள் அந்தத் தெருப் பொம்பளைகளுக்குத் தினசரிப் பேச்சு. அப்போ கஷ்டம் கவிதையிலயா இருக்கு? யார் எங்க குடியிருக்காங்க என்பதில் இருக்கு.

சரி, அந்தப் பொம்பளைகள் கையில் புத்தகம் போய்ச் சேர்ந்ததா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. எழுத்துக் கூட்டத் தெரியாத சனத்துக்கு அச்சு எதுக்கு ஆகும்?

இங்கே 'மனுசங்கடா' பாட்டை எழுதியவர் இன்குலாப். கீழக்கரை முஸ்லிம், சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது கே.ஏ.குணசேகரனின் தொண்டை. எழுதிய ஆளுக்குப் பாதி, பாடிய ஆளுக்குப் பாதி என்றுதான் நான் பங்கு பிரிப்பேன். 2016 ஜனவரியில் குணசேகரன் இறந்தார், டிசம்பரில் இன்குலாப். பாட்டு நிக்கலை. ஊர்வலத்துல பாடுற பசங்க பலருக்கு எழுதினது யாருன்னே தெரியாது. 'கவிஞன் பேர் அழியலாமா?' என்று ஒரு நண்பர் ஆதங்கப்பட்டார். எனக்கு ஆதங்கமில்லை. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் யார் பேர் போட்டுக்கிட்டாங்க? நம்ம ஆத்தாமார் கவிஞர்கள் இல்லையா?

இளம் தோழர்களே, தொகுப்பு போடாதீங்கன்னு சொல்லலை. அச்சுக்குக் கொடுக்கும் முன்னே உங்க தெருவுல வாய்விட்டு ஒருதரம் படிங்க. எந்த வரியில் ஆள் எழுந்து போகுதுன்னு பாருங்க. எந்த வரியில் ஒரு கிழவி 'அது அப்படியில்லப்பா' என்று குறுக்கே பேசுகிறாள் என்பதையும் பாருங்கள். அவ சொல்றதை எழுதிக்கிட்டு வாங்க.