காணாமற்போன அன்னை: ‘பார்த்திபன் கனவு’ குறித்து ஒரு வாசகர் உரை



1941இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாவலைச் சரித்திரக் கதை என்றே நாம் போற்றுகிறோம். அதைக் கடத்தல் மர்மக் கதையாகவும் படிக்கலாம் என்பது என் கருத்து. செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட இளவரசன் விக்கிரமன், அன்னையைக் காணும் ஆவலோடு சோழ நாடு திரும்புகிறான். அன்னை அருள்மொழியோ அங்கு இல்லை. ஒற்றைக்கை மனிதன் ஒருவன் தூக்கிச் சென்றுவிட்டான். அவன் யார்? அவள் எங்கே?

இதில் ஒரு குறையும் உண்டு. சிவனடியார் யாரென்பதைக் கூர்ந்து படிப்போர் முன்னமே ஊகித்துவிடுவர். ஆயினும் கதை தளரவில்லை. ‘யார்’ என்ற வினா அடங்கியதும் ‘ஏன்’ என்ற வினா எழுகிறது: பார்த்திபனுக்குத் தந்த வாக்கைக் காக்க அவர் ஏன் இத்துணைப் பாடுபடுகிறார்?

ஜொகூர்த் தமிழர்க்கு இக்கதை தரும் நோவு தனியானது. தோட்டத்தில் பல்லாண்டு உழைத்து ஊர் திரும்பி, தாயில்லா வீட்டைக் கண்டவர்களைப் பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். விக்கிரமனுக்குத் தேடிச் செல்ல ஒரு வழியாவது இருந்தது.

மாணவர்களே, முடிவை நான் சொல்லப்போவதில்லை. நூலைப் படித்து அறியுங்கள்.