பிறன் யார்?

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் பெருந்தெருவில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்கள் வேலியோடு வேலி நெருங்கிக் கிடக்கின்றன. மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம்களின் ஊர். அதனை அடுத்த பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலாற் புகழ்பெற்ற தமிழர் ஊர். 1892இல் காரைதீவிற் பிறந்து பின்னாளில் யாழ்நூல் இயற்றிய விபுலானந்த அடிகள், இளமையிற் கற்றது கல்முனை மெதடிஸ்த மிஷனாரின் பாடசாலையிலே. பள்ளிவாசலுக்குச் செல்வோரும் கோயிலுக்குச் செல்வோரும் தேவாலயத்துக்குச் செல்வோரும் இங்கே பேசும் மொழி தமிழ் ஒன்றே.

இத்தகைய கரையில் வாழ்வோருக்கு, இயேசுநாதர் அருளிய உவமைகளுள் நல்ல சமாரியன் கதை மிக அணுக்கமானது. தமக்குப் பிறன் யார் என நியாயசாத்திரி ஒருவர் வினவியதற்கு விடையாகப் பிறந்தது அக்கதை. 'பிறன்' என்பது பழைய தமிழ் விவிலியத்தின் சொல். பிற்காலப் பெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்கின்றது. முன்னது அயன்மையைச் சுட்டும். பின்னது அண்மையைச் சுட்டும். சமாரியனுக்கு இரண்டும் பொருந்தும்.

யூதரும் சமாரியரும் மோசேயின் வேதத்தையே போற்றினர். முஸ்லிம்கள் தவ்றாத் என மதிப்பதும் அதனையே. வணங்கிய இறைவனும் ஒருவனே. எருசலேமா, கெரிசீம் மலையா என்பதே பிணக்கு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே யூத ஆட்சியாளன் யோவான் இர்க்கான் கெரிசீம் கோயிலை இடித்தான். அந்தப் புண் ஆறவேயில்லை. தொலைதூரத்து அந்நியனிடம் தோன்றாத பகை, வேலிக்கு அப்பாலுள்ளவனிடம் தோன்றுவது உலகியல்பு போலும்.

லூக்காவின் நூலில் இக்கதைக்கு முந்திய அதிகாரத்தைப் பலர் கருதுவதில்லை. அங்கே சமாரியரின் ஊரொன்று இயேசுநாதரை ஏற்க மறுக்கின்றது. வானத்து நெருப்பை வருவித்து அவ்வூரை எரிக்கலாமா என்கின்றனர் சீடர் இருவர்; அவரோ அவர்களைக் கடிந்துகொள்கின்றார். இடந்தர மறுத்த அந்த இனத்தான் ஒருவனையே பின்னர்த் தம் கதைக்குத் தலைவனாக்கினார்.

எருசலேம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீற்றர் மேலே உள்ளது. எரிகோ 250 மீற்றர் கீழே. அப்பாழ்வழி இறக்கத்தில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிச் சென்றனர். சமாரியனோ எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரஞ் சேர்த்தான். மறுநாள் இரண்டு வெள்ளிப்பணம், அஃதாவது ஒரு கூலியாளின் இருநாட் சம்பளம், கொடுத்தான். மேற்செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான்.

கல்முனைக் கரையிலும் இத்தகைய புண்கள் உள. 1985இலும் 1990இலும் அயலவர் கையால் அயலவர் குருதி சிந்தியது. 2004 டிசம்பர் 26இல் வந்த கடல் இரு சாராரையும் வேறுபாடின்றி வாரிக்கொண்டது. பாடசாலைகளும் வணக்கத்தலங்களும் அன்று புகலிடங்களாயின. எனினும், பிரதேச செயலகம் பற்றிய பிணக்கு 2019இல் உண்ணாநோன்பு வரை சென்றது.

கதை முடிந்ததும் இயேசுநாதர் வினாவைத் திருப்பினார்: அடிபட்டவனுக்குப் பிறனாய் நடந்தவன் எவன்? நியாயசாத்திரி விடையை அறிந்திருந்தார். ஆயினும் சமாரியன் என்ற பெயர் அவர் நாவில் எழவில்லை. இரக்கங் காட்டியவன் என்று மட்டும் சொன்னார்.