மேஸ்திரி மறைந்தால் கூலிக்கு யார் பொறுப்பு?



தலைநகரில் வாழும் நம்மவர் ஒருவர், சுவர்களுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி, ஒருநாள் மாலை நம் இல்லத்திற்கு வந்தார். இரண்டு மாதக் கூலியோடு மேஸ்திரி மறைந்துவிட்டாராம். கட்டடம் எழுப்பிய கம்பெனியாரிடம் சென்று கேட்டதற்கு, "மேஸ்திரிக்குப் பணம் கொடுத்தாயிற்று, உமக்கும் எமக்கும் சம்பந்தமில்லை" என்று கூறிவிட்டனர். அவர்கள் கூறியது சட்டத்தின் முன் செல்லுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்துறையில் இரண்டு தொடர்கள் அடிக்கடி எதிர்ப்படும். ஒன்று, ஊழிய ஒப்பந்தம். மற்றொன்று, வேலையை முடித்துக் கொடுக்கும் ஒப்பந்தம். ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் பிரிப்பது ஒரு சிறு இடைச்சொல்லே. வாழ்விலோ அது பெரும் பிளவு. முன்னவர் தொழிலாளி, தொழிலாளர் சட்டங்களின் காப்பு அவருக்கு உண்டு. பின்னவர் தனித்தொழில் நடத்துபவர். லாபமும் நஷ்டமும் அவரையே சாரும்.

ஒருவர் இவ்விரு வகையில் எதைச் சேர்ந்தவர் என்பதைக் காகிதத்தில் எழுதிய பெயர் முடிவு செய்வதில்லை. சௌராஷ்டிரத்தில் திராங்கத்ரா கம்பெனியின் உப்பளத்தில் அகாரியர் என்னும் மக்கள் பாத்தி கட்டி உப்பு விளைவித்தனர். விளைந்த உப்பின் எடைக்குத் தக்கபடி கூலி பெற்றனர். வேலைக்குக் குறித்த நேரமில்லை. துணையாட்களையும் தாமே அமர்த்திக்கொண்டனர். ஆகவே அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்களே என்று கம்பெனி வாதித்தது. 1956-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. உப்புநீரின் அடர்த்தியைச் சோதிப்பது உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் மேற்பார்வை இருந்தமையால் அவர்கள் தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது.

இனி, இடையில் மேஸ்திரி நிற்கும்போது என்ன நேர்கிறது? 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதற்கு வழி வகுத்தது. கூலி கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. அவர் தவறினால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுத்துவிட்டு, பின்னர் அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இவ்விதி நிலைத்திருக்கிறது. பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்குப் பொருந்தியது. புதியதில் அவ்வெண்ணிக்கை 50. எனினும், அதற்குக் குறைந்த இடங்களில் இருப்போர் மனம் தளர வேண்டுவதில்லை. ஊதியம் பற்றிய 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பும் நிறுவனத்தின் உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்யலாம்.

நம்மவரிடம் ஒப்பந்தக் காகிதம் ஏதுமில்லை. ஆனால் எந்த நாள், எந்த மாடியில், யார் சொல்லி வேலை செய்தார் என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டை ஆதாரமாகக் கொண்டு நாம் மனு எழுதிக் கொடுத்தோம். கூலி இரண்டு தவணைகளில் வந்து சேர்ந்தது.

ஆகவே, தொழிலாளர் நாட்கணக்கை எழுதி வைப்பாராக. மேஸ்திரிகள் கூலியை வங்கி வழியே கொடுத்து, பதிவேட்டைச் செம்மையாக வைப்பாராக. வேலை வாங்கும் நிறுவனத்தார், கூலி பட்டுவாடா ஆயிற்று என்று கண்ட பின்னரே ஒப்பந்தக்காரரின் கடைசிப் பில்லைத் தீர்ப்பாராக. அவ்வாறு செய்யாதவர், ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுக்க நேரிடும்.