வாக்குமூலமும் வல்லாண்மையும்
(கிண்ணியாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மீனை நிறுப்பவனே தராசையும் பிடித்து, விலையையும் அவனே குறித்தால், வலை வீசியவனுக்கு நீதி கிட்டுமா? கிட்டாது என்பீர்கள். அந்த அநீதியே இந்நாட்டில் சட்டத்தின் கோலம் பூண்டது.

1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தை ஆக்கியோர் வெள்ளையர். பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது என்று அவர்களே விதித்தனர். ஏன்? பூட்டிய அறையில் பிறக்கும் சொல், அச்சத்தின் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1979இல் வந்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்றாண்டுக்கே என்று கூறிக் கொணர்ந்ததை 1982இல் நிரந்தரமாக்கினர். அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ அளித்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென மெய்ப்பிக்கும் சுமையோ, குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையில்! அடித்தவனும் அடிபட்டவனும் மட்டுமே இருந்த அறைக்குச் சாட்சியை எங்கிருந்து கொணர்வான்?

சிங்கராசா வழக்கை நோக்குங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம். அம்மொழி அறியாத தமிழரின் பெருவிரல் அடையாளம். 1995இல் ஐம்பதாண்டுச் சிறை. மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. இது நியாயமான விசாரணையன்று என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் கூறியும், நம் உயர் நீதிமன்றம் 2006இல் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

அது தமிழர் துயர் என்று முஸ்லிம்கள் ஒதுங்கியிருக்க இயலுமா? தமிழில் கவிதை எழுதிய குற்றத்திற்காக மன்னார் இளைஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023இல். பறிபோன நாட்களை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

தடுப்புக் காவலின் உச்ச எல்லையைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாக 2022இல் குறைத்தனர். ஓராண்டுச் சிறை நீதியாகுமா? 2018இலும் 2023இலும் வேறு பெயர்களில் புதிய மசோதாக்கள் வந்தன. பெயர் மாற்றம் நமக்கு வேண்டாம். எச்சட்டமாயினும், பொலிசாரிடம் அளித்த ஒப்புதல் சாட்சியமாகாது என்ற பழைய அறம் திரும்பட்டும்!

இறுதியாக ஒன்று. இச்சட்டத்தின் கீழ் எவரேனும் பிடிபட்டால், நாற்பத்தெட்டு மணி நேரத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது அதிகாரிகளின் கடமை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு விதித்தது. அவர்கள் அறிவிப்பரென்று காத்திராதீர், நீங்களே அறிவியுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கைச்சாத்திடாதீர். அயலவன் பிள்ளை பிடிபட்ட இரவில் உங்கள் கதவைச் சாத்தாதீர்!