சர்க்கரை நோயைத் தனியே சுமக்க வேண்டாம்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில், நமது சங்கத்தின் நீரிழிவு உறுப்பினர் வட்டத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் சங்கத்தின் விழாவில் எங்கள் வட்டத்துக்கும் சில நிமிடங்கள் ஒதுக்கித் தந்தமைக்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எங்களில் சிலர் மாத்திரை சாப்பிடுகிறோம், சிலர் இன்சுலின் போட்டுக்கொள்கிறோம், இன்னும் சிலர் சர்க்கரை உள்ள கணவருக்கோ அத்தாவுக்கோ மாமியாருக்கோ அன்றாடம் சமைத்துப் போடுகிறோம். மாதம் ஒருமுறை அஸர் தொழுகைக்குப் பிறகு இந்த மண்டபத்தின் பின்னறையில் கூடிப் பேசுகிறோம். சகோதரிகள் தனியே வேறொரு நாள் கூடுகிறார்கள். எங்கள் வேலை அவ்வளவுதான். அந்தப் பேச்சினால் என்ன பயன் என்பதை உங்களிடம் சொல்லவே வந்திருக்கிறோம்.

சிங்கப்பூரின் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங் இந்த நோயைப் பற்றி விரிவாகப் பேசினார். நாட்டில் ஒன்பது பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்றும், 60 வயதைக் கடந்த இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு அது இருக்கிறது என்றும் அவர் சொன்னபோது பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கணக்குப்படி, அறுபதைத் தாண்டிய பத்துப் பேர் அமர்ந்திருக்கும் வரிசையில் ஆறு பேருக்குச் சர்க்கரை. ஆனால் "சர்க்கரை உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று இப்போது கேட்டால் எத்தனை கைகள் உயரும்?

நம்மிடையே இந்த நோயை மறைக்கும் பழக்கம் அதிகம். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் வெளியே தெரியக்கூடாது என்று மறைக்கிறோம். வாகனம் ஓட்டும் வேலைக்குப் பாதிப்பு வருமோ என்று மறைக்கிறோம். தெரிந்துவிட்டால் விருந்தில் ஆளாளுக்குத் தட்டை எட்டிப் பார்ப்பார்களே என்பதற்காகவும் மறைக்கிறோம்.

எங்கள் வட்டத்துச் சகோதரர் ஒருவர், தம் பெயரைச் சொல்லாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மகளின் நிக்காஹ் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய கால் விரலில் செருப்புக் கடித்துப் புண் வந்தது. நரம்பு மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. கல்யாணம் முடியட்டும், இப்போது சொன்னால் வீட்டார் பதறுவார்கள் என்று மூன்று வாரம் காலுறைக்குள் மறைத்து வைத்தார். வலீமா முடிந்த மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "வலிக்காத புண்தான் ஆபத்தான புண் என்று அனுபவப்பட்ட ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பேன்" என்கிறார் அவர். இன்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் கேட்பது, "இன்று பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?" என்பதுதான்.

அன்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் மருத்துவருடன் பதினைந்து நிமிடம் இருந்தால், ஆண்டுக்கு ஒரு மணி நேரம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மீதி 8,759 மணி நேரமும் நோய் நம்மோடுதான், நம் அடுப்படியிலும் வேலையிடத்திலும் விருந்து மண்டபத்திலும் இருக்கிறது. மருத்துவர் சொல்வது சரியான அறிவுரைதான். அதை நம் வீட்டுச் சாப்பாட்டுக்கும் நம் வழக்கங்களுக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றை மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதே நிலையில் உள்ள இன்னொருவரிடம் கேட்கக் கூச்சமில்லை.

எங்கள் கூட்டத்தில் வரும் கேள்விகள் சிலவற்றைச் சொல்கிறோம்.

"சஹனில் நான்கு பேர் சேர்ந்து உண்ணும்போது என் அளவு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இது ஒரு பெரியவர் கேட்டது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு இறைச்சியோ மீனோ பருப்போ என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லித் தருகிறது. சஹனில் அந்தக் கோடு எங்கே போடுவது? ஒருவர் தம் வழியைச் சொன்னார். முதலில் கத்தரிக்காய்ப் பச்சடியையும் வெள்ளரிக்காயையும் தம் பக்கம் எடுத்து வைத்து அதைச் சாப்பிட்டுவிடுவார். பிறகு இறைச்சி. சோற்றில் தமக்கு எதிரே உள்ளதில் பாதியைத் தொடக்கத்திலேயே பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார். "இளைஞர் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது" என்று அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்த முறையை இன்று பலர் கடைப்பிடிக்கிறோம்.

"கடையநல்லூரில் இருக்கும் என் தங்கைக்கு 180ஆம், எனக்குப் பத்துதான். நான் கவலைப்பட வேண்டாம் அல்லவா?" என்று ஒரு ராத்தா கேட்டார். ஊரில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. இங்குள்ள எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே அளவுதான் என்று தெரிந்தபோது அவர் உடனே தங்கைக்குத் தொலைபேசியில் பேசினார். இருவரும் இப்போது நடைப்பயிற்சியில் போட்டி போடுகிறார்கள்.

"மருந்தகத்துக்குப் போகும் முந்திய வாரம் மட்டும் வாயைக் கட்டினால் போதாதா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. விரலில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்து அளவு. எச்பிஏ1சி என்ற பரிசோதனையோ ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். ஒரு வாரப் பத்தியம் அதனிடம் செல்லாது.

காப்பிக்கடையில் என்ன கேட்பது என்பதும் இங்கே படித்துக்கொண்ட பாடம்தான். தே கேட்டால் இனிப்புப் பாலோடு வரும். தே-ஓ கோசோங் என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. கடைகளில் விற்கும் பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் ஏ, பி, சி, டி என்று நியூட்ரி-கிரேட் தரம் உண்டு. டி என்றால் சீனியோ கொழுப்போ மிக அதிகம். பேரப்பிள்ளைகளிடம் அந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

அடுத்து, நம் எல்லார் உள்ளத்துக்கும் நெருக்கமான ரமலான் மாதம். எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும், சிலர் கண்கலங்குவதும் இதைப் பற்றிப் பேசும்போதுதான்.

இங்கே நோன்பு சுமார் பதின்மூன்றரை மணி நேரம். நோன்பு வைக்க நினைப்பவர்கள் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலினும், கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடியவை. அவற்றின் அளவையும் நேரத்தையும் மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும். சஹரைத் தவறவிடாமல், கடைசி நேரத்துக்குத் தள்ளிச் சாப்பிடுவது நல்லது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். எனவே பகலில் பார்க்கத் தயங்க வேண்டாம்.

நோன்பு திறக்கும்போது, பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் இருக்கும் மாவுச்சத்து மூன்று சிறிய பழங்களுக்குச் சமம் என்பதை நினைவில் வையுங்கள். நோன்புக்கஞ்சி குழைய வெந்தது, சர்க்கரையை விரைவாக ஏற்றும். ஒரு சிறு கிண்ணம் போதும். அதோடு பண்டோங்கும் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். நோன்பில் இருக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, தலை கிறுகிறுத்து, பேச்சுக் குழறினால் உடனே பாருங்கள். 3.9க்குக் கீழே இறங்கினாலும், 16.6க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். "மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தானே" என்று காத்திருக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் மயங்கி விழலாம். சர்க்கரை இறங்கியவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது சாதாரண இனிப்புப் பானம் அரை டின் கொடுங்கள். சீனியில்லாத டயட் பானம் இதற்கு உதவாது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மீண்டும் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள். இது நோயாளிக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நோன்பே வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு தாயார், ரமலானில் வீட்டார் முன் சாப்பிடக் கூசி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டு மாத்திரை போட்டு வந்தார். சில நாள் அதுவும் இல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். சகோதரிகளின் கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதார். அங்கே இன்னும் மூன்று பேர், "நாங்களும் அப்படித்தான்" என்றார்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் கூறுகின்றன. பிறகு நோற்க முடிந்தவர் களாச் செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். அந்தத் தாயாருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஏற்றுக்கொள்ளத் துணை தேவைப்பட்டது. இப்போது அவர் ஃபித்யா கொடுக்கிறார். வீட்டு மேசையில் அமர்ந்து சாப்பிடுகிறார். மாலையில் நோன்பாளிகளுக்குப் பரிமாறுகிறார்.

உம்ரா, ஹஜ் செல்பவர்களுக்கும் முன்பு போய்வந்தவர்கள் வழி சொல்கிறார்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் விடாதீர்கள். மரத்த பாதங்களோடு தவாஃப் செய்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அறைக்குத் திரும்பியதும் உடன் வந்தவரிடம் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் மாத்திரையை மற்றவருக்குக் கொடுப்பதில்லை. இன்சுலின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வதில்லை. ஊரிலிருந்து வந்த சூரணம், வேர், பொடி எதுவானாலும் மருந்தாளரிடம் காட்டிக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்கிறோம். "இவருக்குக் கேட்டது எனக்கும் கேட்கும்" என்ற பேச்சுக்கு எங்கள் அறையில் இடமில்லை. இங்கே பேசியது வெளியே போகாது என்பதும் எங்கள் கட்டுப்பாடு.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. முதலாவது, விருந்தில் "ஒரு துண்டுதானே, சாப்பிடுங்கள் மாமா" என்று வற்புறுத்தாதீர்கள். அதேபோல் நான்கு பேர் முன்னால் "உங்களுக்குச் சர்க்கரையாச்சே" என்று தட்டைப் பிடுங்கவும் செய்யாதீர்கள். முன்னது உடலைக் கெடுக்கிறது, பின்னது மனத்தைப் புண்படுத்துகிறது. இரண்டாவது, பத்தியச் சமையல் என்று ஒருவருக்குத் தனியாகப் பொங்காதீர்கள். சோற்றைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிய சாப்பாடு வீட்டில் எல்லாருக்கும் நல்லது. மூன்றாவது, நாற்பது வயதானவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவுற்றிருந்தபோது சர்க்கரை வந்த பெண்கள் பிள்ளை பிறந்ததும் அதை மறந்துவிட வேண்டாம். பிற்காலத்தில் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

சங்கத்திடமும் ஒன்று கேட்கிறோம். நம் நிகழ்ச்சிகளில் இனிப்புப் பானத்தோடு வெறும் தண்ணீரும் சீனியில்லாத தேநீரும் முன்வரிசையில் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தை அழைப்பிதழில் போட்டு, அந்த நேரத்துக்கே பரிமாறுங்கள். மருந்து போட்டுக்கொண்டு காத்திருப்பவருக்குச் சொற்பொழிவு அரை மணி நேரம் நீள்வது சிறிய விஷயம் இல்லை. எங்கள் உரையையும் அதனால்தான் சுருக்கிக்கொள்கிறோம்.

தஞ்சோங் பகாரிலும் செம்பவாங்கிலும் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த நம் முன்னோர், புதிதாக வந்தவருக்குப் படுக்க இடமும் பார்க்க வேலையும் தேடிக் கொடுத்தார்கள். காய்ச்சலில் கிடந்தவருக்கு அறைத்தோழர்கள் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்கு வழிகாட்டும் அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் நம் சங்கம். இந்த நோயிலும் முன்னே வந்தவர்கள் சிலர் இருக்கிறோம். நேற்றுத்தான் உங்களுக்குச் சர்க்கரை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இரவு தூக்கம் வராமல் இருந்திருந்தால், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பின்னறைக்கு வாருங்கள். கேள்வி எவ்வளவு சிறியதானாலும் கேளுங்கள். பேச விருப்பமில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். கோசோங் தேநீர் தயாராக இருக்கும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும் பொறுமையையும், அவர்களைப் பேணுவோருக்கு நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.